பரிமாறாத புதன்கிழமை

1

இதை எழுதும்போது அடுத்த அறையில் ஐந்து பெண்பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து சோற்றைச் சுருட்டித் தின்றுகொண்டிருக்கிறார்கள். ஒருத்தி என் மகள் அனிதா, பதின்மூன்று வயது. மற்ற நால்வரும் அவளோடு பள்ளியில் கூடைப்பந்து ஆடுகிறவர்கள். நான் சமையலறை மேசையில் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. இந்தச் சாப்பாட்டின் விசேஷமே அதுதான்.

ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பெரிய மரத்தொட்டியில் வினிகரும் சர்க்கரையும் உப்பும் கலந்த சோறு. உள்ளங்கை அகலத்துக்கு வெட்டிய கடற்பாசித் தாள்கள், கறுப்பாக, மொறுமொறுவென்று. ஒரு தட்டு நிறைய வெள்ளரிக்காய், முட்டைப் பொரியல், பச்சை மீன், இறால். அவ்வளவுதான். அவரவர் ஒரு தாளை எடுத்து, கொஞ்சம் சோறு வைத்து, பிடித்ததை மேலே வைத்து, கூம்பாகச் சுருட்டிக் கடித்துக்கொள்ள வேண்டியது. யாரும் யாருக்கும் போட வேண்டாம். ஜப்பானில் வேலைநாளில் யாரையாவது சாப்பிடக் கூப்பிட்டால் பெரும்பாலும் இதுதான். கூப்பிட்டவளும் கூடவே உட்கார்ந்து சாப்பிடலாம். இந்த ஊருக்கு வந்த புதிதில் எனக்குப் பிடித்துப்போன ஒரே விஷயம் இது என்றுகூடச் சொல்வேன்.

மூன்று வருஷமாக இது எங்கள் வீட்டில் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அனிதா வந்து, புதன்கிழமை தோழிகளைக் கூப்பிடட்டுமா, இதைச் செய்யலாமா என்று கேட்டபோது முடியாது என்று கத்தினேன். தோசை வார்த்துத் தருகிறேன், பிரியாணி செய்கிறேன், இது மட்டும் வேண்டாம் என்றேன். அவளுக்குக் கெஞ்சுவதற்குத் தமிழ், சண்டைக்கு ஜப்பான் மொழி. அன்றைக்கு ஜப்பான் மொழியில்தான் கேட்டாள். மாமா எடுத்துச் சாப்பிட்டிருக்கலாம்தானே, எல்லாம் அவர் முன்னாலேயேதானே இருந்தது, அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்றாள். சரி, கூப்பிட்டுத் தொலை என்றேன்.

அவள் கூப்பிட்ட புதன்கிழமை எந்தப் புதன்கிழமை என்று அவளுக்குத் தெரியாது. அவளுடைய மாமா, என் அண்ணன், போய்ச் சேர்ந்து திதிப்படி இன்றோடு ஒரு வருஷம்.

2

எங்கள் ஊர் பெருந்துறையிலிருந்து ஐந்தாறு கல். அப்பா போகும்போது எனக்கு எட்டு வயது, அண்ணனுக்கு இருபது. அன்றிலிருந்து எனக்கு அப்பாவும் அவர்தான். பொட்டைப்பிள்ளையைக் கோயமுத்தூர் வரைக்கும் அனுப்பிப் படிக்க வைப்பதா என்று சொந்தபந்தமெல்லாம் முணுமுணுத்தபோது, வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுக் கல்லூரியில் சேர்த்தவர். மாதம் ஒரு தரம் விடுதிக்கு வருவார். வந்தால் வாசலில் இருக்கும் வேப்பமரத்தடியில் நின்றபடியே பேசுவார். கடலையோ முறுக்கோ கொண்டு வந்ததைக் கையில் கொடுத்துவிட்டு, “நல்லாத் தின்னு அம்மணி” என்பார். அதற்குமேல் பேச அவருக்குத் தெரியாது.

படித்து முடித்து ஒரு நூற்பாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குப் போனேன். அங்கே பொறியாளராக இருந்தவர் தேவராஜ். போத்தனூர்க்காரர், அப்பா ரயில்வே, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவக் குடும்பம். மேற்கொண்டு விவரிக்க வேண்டாம். எண்பத்தைந்தில் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டு, மாலையும் கழுத்துமாக எங்கள் ஊட்டு வாசலில் போய் நின்றோம்.

அண்ணன் திட்டவில்லை, அடிக்கவில்லை. அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, உள்ளே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். பங்காளிகள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அண்ணன் வாசப்படிக்கு வந்து அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்.

“நீ நல்லா இரு அம்மணி. ஆனா உன்ற ஊட்டுல ஒரு பருக்கை நாந் தொட மாட்டேன்.”

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது எவ்வளவு பெரிய பேச்சு என்று தெரியும். மற்றவர்களுக்குத்தான் விளக்க வேண்டும். எங்களுக்குள் பகை என்றால் கோர்ட்டு, போலீஸ் எல்லாம் அப்புறம். முதலில் அந்த வீட்டில் கை நனைப்பதை விடுவோம். பெண் பார்க்கப் போனால்கூட, பிடித்தால்தான் அங்கே சாப்பாடு. ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டால் அந்த வீட்டைத் தன்னுடையதென்று ஒப்புக்கொண்டாகிவிட்டது.

அப்படிச் சொல்லிவிட்டவர் தானாக வந்து சாப்பிடவும் முடியாது. அதற்கும் ஒரு முறை இருக்கிறது. எதிராளி கையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்க வேண்டும். போனது போகட்டும், சாப்பிடுங்க என்று சொல்ல வேண்டும். அவர் வேண்டாம் என்பார். மறுபடியும் சொல்ல வேண்டும். மறுபடியும் வேண்டாம் என்பார். மூன்றாம் முறை கேட்கவே கூடாது, இலையைப் போட்டுச் சோற்றை வைத்துவிட வேண்டும். அவர் கொஞ்ச நேரம் முனகிவிட்டுக் கையை வைப்பார். பத்து வருஷப் பகையெல்லாம் இப்படி ஒரு கரண்டிச் சோற்றில் தீர்ந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சாதாரண விருந்தாளிக்கே இந்த முறைதான், பசியோடு வந்திருந்தாலும் இப்பத்தானுங்க சாப்பிட்டேன் என்பார்கள். தானாக எடுத்துப் போட்டுக்கொள்கிறவனை எங்கள் ஊரில் ஆள் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரியாதது இல்லை. அதனால்தான் மனசு ஆறமாட்டேன் என்கிறது.

3

எண்பத்தேழில் தேவராஜுக்கு நகோயா பக்கம் ஒரு தறி செய்யும் தொழிற்சாலையில் வேலை கிடைத்து இங்கே வந்தோம். அனிதாவுக்கு அப்போது ஒரு வயது. வெளிநாட்டார் பதிவு அலுவலகத்தில் விரல்ரேகை வைத்ததும், என் பெயரை அவர்கள் எழுத்தில் எழுதி, அவர்கள் வாயில் நுழைகிற மாதிரி வெட்டி ஒட்டி ஒரு அட்டையில் போட்டுக் கொடுத்ததும் நினைவிருக்கிறது. ஊரிலிருந்து கடிதம் எழுதுவது அண்ணன் மனைவி மட்டும்தான். அண்ணியை எங்கள் பக்கம் நங்கையா என்போம். மழை பேய்ந்தது, மாடு கன்று போட்டது என்று எழுதுவார். கடைசி வரியில், உங்க அண்ணன் நலம். அண்ணன் கேட்டதாக ஒரு வார்த்தை இருக்காது.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ஊர்ப்பக்கம் காடு தோட்டம் வைத்திருந்தவர்களெல்லாம் தறி போட ஆரம்பித்தார்கள். பெருந்துறைத் தொழிற்பேட்டையில் அண்ணனும் நாச்சிமுத்து என்கிற கூட்டாளியும் சேர்ந்து ஒரு கொட்டகை போட்டார்கள். ஜப்பான்காரன் கழித்துப்போடுகிற பழைய தறியை வாங்கிக் கப்பலில் கொண்டுபோய் ஓட்டினால் இன்னும் இருபது வருஷம் ஓடும் என்று கண்டுபிடித்தது நம் ஆட்கள்தான். தொண்ணூற்றாறில் நங்கையாவின் கடிதம் வந்தது. உங்க அண்ணன் தறி பார்க்க அந்த ஊருக்கு வருகிறார், சனிக்கிழமை உன் வீட்டுக்கு வருவார், அவராகத்தான் சொன்னார்.

அவராகத்தான் சொன்னார் என்ற இரண்டு வார்த்தையை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. பதினொரு வருஷம். அண்ணன் என் வீட்டில் சாப்பிடப்போகிறார். கோபே நகரத்தில் இருக்கும் இந்தியக் கடைக்குப் போன் போட்டுக் கறிவேப்பிலை, தட்டப்பயறு, புளி, நல்லெண்ணெய் எல்லாம் அனுப்பச் சொன்னேன். பார்சல் வெள்ளிக்கிழமை வரும் என்றார்கள். எங்கள் பக்கத்து இடியாப்பமான சந்தவை பிழியலாமா, கோழிக் குழம்பு வைக்கலாமா என்று பட்டியல் போட்டுக் கிழித்தேன். வாழையிலைக்கு எங்கே போவது என்று தேவராஜ் கேட்டார். அவரை முறைத்தேன்.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்குத் தேவராஜ் தொழிற்சாலையிலிருந்து போன் செய்தார். அண்ணன் குழுவின் திட்டம் மாறிவிட்டது. நாளைக் காலை ஒசாகா போய் அங்கிருந்தே ஊருக்கு விமானம். இன்றைக்குச் சாயங்காலம் மட்டும்தான் முடியும், ஆறரைக்கு நானே கூட்டி வருகிறேன் என்றார்.

அன்றைக்குச் சாயங்காலத்துக்கு நான் ஏற்கெனவே மோரிசானையும் அவர் வீட்டுக்காரரையும் கூப்பிட்டிருந்தேன். சான் என்பது நம் ‘ங்க’ மாதிரி, பெயரோடு ஒட்டிக்கொண்டே வரும். பக்கத்து வீடு. எனக்கு மொழி சொல்லிக்கொடுத்து, அனிதாவைப் பள்ளியில் சேர்த்துவிட்டு, காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொண்டுவந்தவர். இந்த ஊரில் கூப்பிட்ட அன்றைக்கே வராதே என்பது செருப்பால் அடிப்பதற்குச் சமம். அவர்களுக்காக அரிசி ஊற வைத்தாகிவிட்டது, மீன் வாங்கியாகிவிட்டது. வீட்டில் புளி இல்லை, பருப்பு ஒரு பிடி, கறிவேப்பிலை கோபேயைவிட்டுக் கிளம்பிக்கூட இருக்காது. மோரிசானிடம் சொன்னபோது அவருக்கு ஒரே சந்தோஷம். உங்கள் அண்ணனுக்கு இது வேடிக்கையாக இருக்கும், யாருக்கும் சிரமம் இல்லை, நீங்களும் உட்கார்ந்து நிம்மதியாகப் பேசலாம் என்றார்.

4

அண்ணன் வெள்ளைச் சட்டையும் கடன் வாங்கிய மாதிரி ஒரு கோட்டும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். தலை பாதி நரைத்திருந்தது. வாங்கண்ணா என்றேன். குனிந்து செருப்பைக் கழற்றி, இங்கே எல்லோரும் செய்கிற மாதிரி திருப்பி வைத்தார். யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். நங்கையா சுட்டுக் கொடுத்தனுப்பிய வெல்லக் கச்சாயமும் பருப்புப்பொடியும் இருந்த பையை என் கையில் கொடுத்தார். உட்கார்ந்ததும் தண்ணீர் கொடுத்தேன். கண் மூடித் திறப்பதற்குள் முழுச் சொம்பையும் குடித்துவிட்டார். தண்ணீர் குடித்துவிட்டாரே என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அனிதாவைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தலையைத் தடவினார். எந்த வகுப்புக் கண்ணு என்றார். அவளுக்குப் பத்து வயது. ஐந்து என்பதை ஜப்பான் மொழியில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். தேவராஜ் தறியைப் பற்றிப் பேசிக் காப்பாற்றினார். பதினொரு வருஷத்தில் மச்சான் என்று கூப்பிடுவதா அண்ணா என்பதா என்று தெரியாமல், வெறும் ‘ங்க’வை வைத்தே ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். ஏழு மணிக்கு மோரி தம்பதி வந்தார்கள். தாழ்வான மேசையைச் சுற்றி ஆறு பேரும் உட்கார்ந்தோம்.

சோறு நடுவில். தட்டு நடுவில். மோரிசான் ஒரு தாளை எடுத்துச் சுருட்டிக் காட்டினார். அனிதா இதில் கெட்டிக்காரி. மாமா, இப்படி வச்சு, இப்படிச் சுத்தி என்று செய்து காட்டிவிட்டு, செய்ததைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். ஒரு கறுப்புத் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் அதைத் தன் தட்டில் வைத்தார். கையை மடியில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார்.

நான் எழுந்திருக்க வேண்டியதுதான். ஒரு கரண்டிச் சோற்றை எடுத்து அந்தத் தாளில் வைத்து, முட்டையையோ வெள்ளரிக்காயையோ வைத்துச் சுருட்டி, சாப்பிடுங்கண்ணா என்று கையில் கொடுத்திருக்க வேண்டியதுதான். பத்து விநாடி வேலை.

ஏன் செய்யவில்லை என்று மூன்று வருஷமாக எனக்கு நானே பலவிதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போட்டு, அவர் தொடாமல் விட்டால் மோரிசான் முன்னால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்ற பயம் ஒன்று. அது நிஜம். ஆனால் அதற்கும் அடியில் ஒரு திமிர் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். தொட மாட்டேன் என்று ஊர் முன்னால் சொன்னது அவர்தானே, தொடுகிற கையும் அவருடையதாகவே இருக்கட்டும். எல்லாம் எதிரில் இருக்கிறது. இந்த நாட்டில் யாரும் யாரையும் வற்புறுத்துவதில்லை. நானும் இந்த நாட்டுக்காரிதான். இப்படி நினைத்துக்கொண்டு மோரிசானிடம் வெள்ளரிக்காயின் விலை பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பாவி.

தேவராஜ் சாப்பிடுங்க என்று ஒரு தடவை மெதுவாகச் சொன்னார். ஆகட்டுங்க என்றார் அண்ணன். தேவராஜ் என்னைப் பார்த்தார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அப்போது திரு. மோரி பீர் பாட்டிலை எடுத்தார். இந்த ஊரில் சோற்றைத் தானே எடுத்துக்கொள்ளலாம், ஆனால் குடிப்பதைத் தன் கோப்பையில் தானே ஊற்றிக்கொள்ளக் கூடாது. பக்கத்தில் இருப்பவர்தான் ஊற்ற வேண்டும். அவர் முட்டிபோட்டு, இரண்டு கையாலும் பாட்டிலைப் பிடித்து, அண்ணன் முன்னால் இருந்த கோப்பையில் பணிவாக ஊற்றினார். என் அண்ணன் வாழ்நாளில் கள்ளைக்கூடத் தொட்டதில்லை. அந்தக் கோப்பையை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணை இடுக்கிக்கொண்டு இரண்டு மடக்குக் குடித்தார். திரு. மோரிக்குக் கும்பிடு போட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முன்பின் தெரியாத ஆள் கொடுத்த சாராயம் இறங்குகிறது, தங்கச்சி ஊட்டுச் சோறு இறங்கவில்லையா. உங்கள் அண்ணன் ஒன்றும் சாப்பிடவில்லையே என்று மோரிசான் கேட்டபோது, அவருக்கு வயிறு சரியில்லை என்று சொன்னேன். ஐயோ பாவம் என்று அவர் உடனே தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார், வாசனை தொந்தரவாக இருக்குமே என்று. இங்கே அதுதான் நாகரிகம்.

எட்டரைக்கு அண்ணன் எழுந்தார். ரயிலுக்கு நேரமாகிறது என்றார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். இன்னும் ஒரு நிமிஷம் இருந்ததென்று வையுங்கள், அப்போதுகூட ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

“வாரேன் அம்மணி.”

“சரிங்கண்ணா.”

தேவராஜ் அவரை ரயிலேற்றிவிட்டு மழையில் நனைந்து சிரித்த முகத்தோடு திரும்பி வந்தார். உங்கண்ணன் என்னை மாப்பளே என்று கூப்பிட்டார், இரண்டு தரம், என்றார். நான் பாத்திரத்தைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை என்று கூப்பிட்டு என்ன புண்ணியம், உங்கள் வீட்டில் ஒரு பருக்கை தொட்டாரா என்றேன். அதற்கப்புறம் நங்கையாவின் கடிதங்களுக்குப் பதில் போடுவதையும் நிறுத்தினேன். சனிக்கிழமை பார்சல் பிரித்தபோது கறிவேப்பிலை பாதி கறுத்திருந்தது. எல்லாவற்றையும் குப்பையில் கொட்டினேன்.

5

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, நாங்கள் காலைப் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நாச்சிமுத்து போனில் பேசினார். அண்ணன் முந்தின நாள் தறிக்கொட்டகையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். இன்றைக்கே எடுத்துவிடுவோமுங்க என்றார்.

நான் மூன்று வருஷத்துக்கு மேலாக இந்தியாவுக்குப் போகவில்லை, போத்தனூருக்குக்கூட. போகிற எண்ணமும் இல்லாததால், நாட்டைவிட்டுப் போய்த் திரும்பி வருவதற்கான அனுமதியைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தேன். அது இல்லாமல் போனால் திரும்பி உள்ளே வர முடியாது. பெருந்துறையிலிருந்து பேக்ஸ் வரும்வரை காத்திருந்து, குடியேற்ற அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மூடும் நேரம். சனி, ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை காலை முதல் ஆளாக நின்றேன். மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞர் மரியாதையானவர். அவசரம் என்பதற்கு ஏதாவது தாள் இருக்கிறதா என்று கேட்டார். பெருந்துறையிலிருந்து வந்த பேக்ஸ் தாளைக் கொடுத்தேன். நாச்சிமுத்துவின் கையெழுத்து, தமிழ். இதை மொழிபெயர்த்து மொழிபெயர்த்தவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். யார் மொழிபெயர்ப்பது என்றேன். உங்களுக்குத் தெரிந்தால் நீங்களே செய்யலாம் என்றார்.

அங்கேயே நின்று, என் அண்ணன் செத்ததை நானே ஜப்பான் மொழியில் எழுதினேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, மன்னிக்க வேண்டும் என்று தலைகுனிந்து, பென்சிலால் ஓரிடத்தில் லேசாக வட்டம் போட்டார். தன் குடும்பத்து ஆளைப் பற்றி வெளியாளிடம் சொல்லும்போது இங்கே மரியாதை வார்த்தை போடக் கூடாது. நான் அண்ணனுக்கு மரியாதை கொடுத்து எழுதியிருந்தேன். அழித்து, மரியாதையை எடுத்துவிட்டு எழுதிக் கொடுத்தேன். முத்திரை குத்தினார்.

விமானம் கிடைத்து, சிங்கப்பூர், சென்னை என்று மாறி நாங்கள் மூவரும் ஊட்டு வாசலில் போய் இறங்கியபோது அடக்கம் முடிந்து ஆறு நாளாகியிருந்தது.

6

வழியெல்லாம் நான் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். வாசலோடு நிறுத்திவிடுவார்கள், தேவராஜை யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள், அழுதுவிட்டுத் திரும்பி வந்து போத்தனூரில் தங்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். நடந்தது வேறு. பங்காளிகள் எழுந்து வந்து தேவராஜின் கையைப் பிடித்துக்கொண்டு, வாங்க மாப்பளே என்றார்கள். அனிதாவை யாரோ மடியில் இழுத்து உட்கார வைத்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

நாச்சிமுத்துதான் ஆரம்பித்தார். அவரும் அந்தப் பயணத்தில் அண்ணனோடு வந்தவர், அன்றைக்கு விடுதியிலேயே தங்கிவிட்டவர்.

“நாங்க புளிச்சோறு கெளறி வெச்சு உக்காந்திருந்தோமுங்க. வேண்டாம்னுபோட்டாரு. என்ற அம்மணி வயிறு நெறையப் போட்டு அனுப்பிச்சுட்டா, எடமே இல்லீன்னாரு. தட்டப்பயத்தங்கொழம்பு, கோழி, ரசம்னு ஒண்ணு உடாமச் சொன்னாரு.”

ஊருக்கு வந்த பிறகும் கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் சொன்னாராம். தங்கச்சி ஊட்டுல சாப்பிட்டுப்போட்டு வந்துட்டேன், இனிமே யாரும் அதை வெச்சுப் பேச வேண்டாம் என்று அத்தையிடமே போய்ச் சொன்னாராம். நங்கையாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் ஆட்கள் கலைந்த பிறகு, நெல் மூட்டை அடுக்கிய உள்ளறையில் நங்கையா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். எனக்கு மட்டும் நெசத்தைச் சொன்னாரு அம்மணி என்றார். அழுகையோ கோபமோ இல்லாமல், விசேஷத்துக்குச் சாமான் சொல்கிற மாதிரி சொன்னார்.

“காத்தால இருந்து ஒண்ணும் திங்காம வந்தாராம், உன்ற ஊட்டுல நல்லாச் சாப்புடோணும்னு. எதுக்க எல்லாம் இருந்துதாம். நீ ஒரு வார்த்தை சொல்லுவீன்னு உக்காந்தே இருந்தாராம். அந்த ஐயன் ஊத்திக் குடுத்தாரு, குடிச்சேன், எனக்கு ஊத்திக் குடுக்கறதுக்கு அங்கெ அவரு ஒருத்தருதான் இருந்தாருன்னாரு.”

நான் வாயைத் திறந்தேன். அந்த ஊரில் அப்படித்தான், அது அவரவர் எடுத்துக்கொள்கிற சாப்பாடு, யாருமே யாருக்கும் போடுவதில்லை என்று சொல்ல வந்தேன். அது பொய்யில்லை. ஆனால் நங்கையாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. அவருக்கு என் மேல கோவமா இருந்ததா என்று மட்டும் கேட்டேன்.

“கோவம் இல்லீம்மணி. பதினோரு வருசம் நாஞ் செஞ்சதுக்கு அவ ஒரு நாள் செஞ்சுபோட்டா, சேரியாப் போச்சுன்னாரு.”

என்னை மன்னிக்காமல் போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் கணக்கை நேர்செய்துவிட்டு, பசியோடு ரயிலேறி, வயிறு நிறைந்ததென்று ஊர் முழுக்கச் சொல்லி, எனக்கு இந்த வாசலைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் கறிவேப்பிலையைக் குப்பையில் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

காரியத்தன்று பந்தியில் எங்களையும் உட்காரச் சொன்னார்கள். இலை போட்டாயிற்று. ஒரு பக்கம் தேவராஜ், ஒரு பக்கம் அனிதா. அவளுக்கு இலையில் தண்ணீர் தெளிக்கத் தெரியவில்லை, பக்கத்துப் பெண் தெளித்துவிட்டாள். எதிர்வரிசையில் அத்தை. எண்பத்தைந்தில் உள்ளே உட்கார்ந்து அழுதவர். நாங்கள் வந்ததிலிருந்து அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு பாதி வரிசை வந்திருக்கும். அவர் அத்தனை பேருக்கும் கேட்கிற குரலில் கேட்டார்.

“ஏம்மணி, அவன் உன்ற ஊட்டுல சாப்புட்டானாமா. நெசந்தானா?”

பரிமாறிக்கொண்டிருந்த பையன்கூட நின்றுவிட்டான். நங்கையா சமையற்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நெசந்தானுங்க அத்தை என்றேன்.

“ஆரு பரிமாறுனது?”

“நான்தானுங்க.”

அத்தை தலையை ஆட்டினார். சோறு என் இலைக்கு வந்தது. அனிதா தலையைத் தூக்கி என்னையே பார்த்தாள். அவளுக்கு அந்த அளவுக்குத் தமிழ் தெரியும்.